அப்பப்பாவின் இரவல் கொப்பியும் ஒரு பெரிய ஏசியும்

போன மாரியில், விளக்கீட்டுக்கு இரண்டு நாள் முன்னம், கம்பஸ் அசைன்மென்ற் ஒன்றுக்காக 'மல்லிகை'யின் பழைய இதழ் ஒன்று தேவைப்பட்டது. வீட்டில் கிடக்குதானே என்று அப்பப்பாவின் அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்தோம். முதலில் மணம்தான் வந்தது. நனைந்த சாக்கை மடித்துவைத்து நாலு நாள் கழித்து விரித்தால் வருமே, அந்த மணம். இதழை எடுத்தால் அட்டை விரலில் ஒட்டியது. பக்கத்தில் இருந்த புத்தகங்களின் முதுகெல்லாம் சாம்பல் பச்சையில் பங்கசு. கீழ்த்தட்டில் அப்பப்பாவின் இரவல் கொப்பி இருந்தது. திறக்கப் பார்த்தோம், திறபடவில்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கொப்பி ஒரு பலகைத் துண்டு மாதிரி இருந்தது.

அந்த நேரம் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. றிமோட்டில் 20 என்று காட்டியது. எங்களுக்குக் கை விறைத்தது. புத்தகம் பழுதாகக் கூடாது என்பதற்காகவே பூட்டிய ஏசி அது.

நாங்கள் என்பது மூன்று பேர். கோண்டாவிலில் ஒரே வளவுக்குள் வளர்ந்த இரண்டு சகோதரங்களும் ஒரு மச்சாளும். மூன்று பேரும் கலைப்பக்கம். ஏசியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் றிமோட்டில் இருக்கிற இரண்டு அம்புக்குறிகள்தான்.

அப்பப்பா வாத்தியார். சம்பளத்தில் ஒரு பங்கு புத்தகத்துக்குப் போய்விடும் என்று அப்பம்மா இப்பவும் குறைப்படுவா. அறுநூறு புத்தகம் வரும், இதழ்கள் வேற. அவர் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை, ஆனால் எழுதாமல் குடுத்ததும் இல்லை. 1972இல் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு கீறித் தொடங்கியிருக்கிறார். திகதி, பெயர், புத்தகம், திருப்பிய திகதி. சொந்தப் பிள்ளைகள் எடுத்தாலும் எழுதத்தான் வேணும். ஒழுங்கைக்குள் இருந்த பெடி பெட்டையள், பக்கத்துப் பள்ளிக்கூட வாத்திமார், தபாற்காரர் என்று ஊரே அந்தக் கொப்பிக்குள் இருக்கிறது. திருப்பிய திகதி எழுதாத வரிகளும் இருக்கின்றன. அந்த ஆட்களில் சிலபேர் எங்கே போனார்கள் என்று அப்பம்மாவுக்குத் தெரியும். சிலபேரைப் பற்றி அவவுக்கும் தெரியாது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது, அப்பப்பாவும் அப்பாவும் ஒரு சைக்கிளில் இரண்டு யூரியா பாக் நிறையப் புத்தகம் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்திருக்கிறார்கள். அந்த மழைக்குள். இரவல் கொப்பி அப்பப்பாவின் சேட்டுக்குள் இருந்ததாம். வீட்டில் விட்டுப் போனவற்றில் பாதியை அடுத்த வருசம் திரும்பி வந்தபோது கறையான் தின்றிருந்தது. சைக்கிளில் போனவை ஒன்றும் ஈரம் தொடாமல் திரும்பி வந்தன.

2021இல் அப்பப்பா மோசம் போனார். கொரோனாக் காலம். ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பா வர முடியவில்லை. செத்தவீட்டை வீடியோ கோலில்தான் பார்த்தார். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நாங்கள்தான். கை நடுங்குது, ஆடாமல் பிடியுங்கோ என்று அவர் ஒருமுறை சொன்னார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருசம் கழித்து அப்பப்பாவின் அறைக்கு ஏசி பூட்டச் சொல்லிக் காசு அனுப்பினார். "சுவடிக்கூடங்களில எல்லாம் ஏசியிலதான் வைச்சிருக்கினம். அப்பான்ர புத்தகம் பழுதாகக் கூடாது. பெரிசாப் பாத்துப் போடுங்கோ." பெரிசாகவே போட்டோம். பத்துக்குப் பத்தடி அறைக்கு 18,000 பி.ரி.யூ. ஏசி.

ஆகவே பங்கசைக் கண்டதும் எங்களுக்கு முதலில் வந்த பயம் புத்தகத்தைப் பற்றியது அல்ல. இதைச் சித்தப்பாவுக்கு எப்படிச் சொல்லுறது என்பதுதான்.

சொல்லாமலே திருத்திவிடலாம் என்று நினைத்தோம். முதல் செய்த வேலை, 20ஐ 18 ஆக்கியது. கூடக் குளிர்ந்தால் கூடக் காயும் என்பது எங்கள் கணக்கு. இரண்டு நாளில் யன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் தண்ணீர் வடியத் தொடங்கியது. உள்ளே மணம் கூடியது.

அடுத்தது ஏசி பூட்டின கடைக்குப் போன் எடுத்தோம். வந்தவர் வெளிப்பெட்டியைத் திறந்து பார்த்து, "காஸ் குறைஞ்சிருக்கு" என்றார். அடித்தார், காசு வாங்கினார், போனார். காற்று முதலும் குளிராகத்தான் வந்தது, பிறகும் குளிராகத்தான் வந்தது. ஈரம் இருந்தபடியே இருந்தது.

எங்கட ஒழுங்கையில் ஒரு அண்ணா இருக்கிறார். தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். ரிமோட்டைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், சிரித்தார். "குளிருதா எண்டு பாக்காதையுங்கோ. தண்ணி வருதா எண்டு பாருங்கோ. வெளிய வடியிற குழாய்க்குக் கீழ ஒரு வாளி வையுங்கோ."

அது எங்களுக்குப் பிடித்த சோதனை. விஞ்ஞானம் படிக்காத ஆட்களும் செய்யலாம். ஏசிக்குள் குளிர்ந்த சுருள் ஒன்று இருக்கிறது. அறைக் காற்று அதில் படும்போது காற்றில் உள்ள நீராவி தண்ணீராகிச் சுருளில் பிடிக்கும். அது வடிந்து தட்டில் விழுந்து குழாயால் வெளியே போகும். வாளிக்குள் வருகிற தண்ணீர்தான் அறையிலிருந்து போன ஈரம். வாளிக்கு வராவிட்டால் ஈரம் அறையை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மணித்தியாலம் வைத்தோம். அடைமழைக் காலம், வெளியே உடுப்பு மூன்று நாளாகக் காயவில்லை, வாளிக்குள் இருந்தது ஒரு தேத்தண்ணிக் கோப்பை கூட இல்லை.

குழாய் அடைத்திருக்கோ என்று தட்டுக்குள் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினோம். உடனே வெளியே வந்தது. அடைப்பு இல்லை. பில்ற்றரைக் கழற்றினால் தூசி கம்பளி மாதிரி இருந்தது. கழுவிக் காயவைத்துப் போட்டோம். காற்று வேகமாக வந்தது, வாளியில் மாற்றம் இல்லை. அப்ப அண்ணா சொன்னார், "வெளிப்பெட்டி எவ்வளவு நேரம் ஓடுது, எவ்வளவு நேரம் நிக்குது எண்டு எழுதுங்கோ."

விறாந்தையில் கதிரை போட்டு, போனில் நேரம் பார்த்துப் பார்த்து எழுதினோம். நாலு நிமிசம் ஓடும். பதினொரு நிமிசம் நிற்கும். திரும்ப நாலு. திரும்பப் பதினொன்று.

அங்கேதான் பிழை இருந்தது. பத்துக்குப் பத்தடி அறைக்கு 9,000 பி.ரி.யூ. போதும். எங்களுடையது அதைப்போல இரண்டு மடங்கு. அதனால் நாலு நிமிசத்தில் அறையைக் குளிராக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று கொம்பிறசர் நிற்கிறது. ஆனால் ஈரத்தை எடுப்பது மெதுவான வேலை. சுருள் குளிர வேணும், நனைய வேணும், துளிகள் சேர்ந்து வடிய வேணும். வடிய முன்னமே கொம்பிறசர் நின்றுவிடுகிறது. உள்ளே ஃபான் மட்டும் நிற்காமல் சுற்றுகிறது. சுருளில் பிடித்திருந்த தண்ணீரை அது திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடுகிறது. ஏசியில் பழுது ஒன்றும் இல்லை. பெரிசாக இருந்ததுதான் பழுது.

சித்தப்பா சொன்ன "பெரிசாப் பாத்து" எங்கள் மூன்று பேரின் தலைக்குள்ளும் ஒரே நேரத்தில் ஓடியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்ததாக ஈரம் அளக்கிற சின்ன மீற்றர் ஒன்று ஒன்லைனில் வாங்கினோம். அது 80 என்றது. இந்த மலிவுச் சாமானை நம்பலாமோ என்று கேட்டதற்கு அண்ணா இன்னொரு வீட்டுச் சோதனை சொல்லித் தந்தார். ஒரு போத்தல் மூடிக்குள் கறியுப்பைப் போட்டு, கரையாமல் களி மாதிரி வருமளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீற்றரோடு சேர்த்துக் காற்றுப் போகாத பைக்குள் ஒரு இரவு வைக்க வேணும். உப்புக் களிக்கு மேலே நிற்கிற காற்றின் சாரீரப்பதன் 75 வீதம். எப்பவும் அதுதான். எங்கள் மீற்றர் காலையில் 79 காட்டியது. ஆக, அது சொல்வதில் நாலைக் கழித்தால் சரி.

சாரீரப்பதன் என்ற சொல்லை ஏ.எல். புவியியலில் எழுதிப் புள்ளி எடுத்தவர்கள் நாங்கள். பனிபடுநிலைக்கு வரைவிலக்கணம் நித்திரையிலும் சொல்லுவோம். ஒரு கன மீற்றர் காற்று 30 பாகையில் கிட்டத்தட்ட 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 பாகையில் 17 கிராம்தான் தாங்கும். அதனால் தண்ணீரை எடுக்காமல் காற்றை மட்டும் குளிரவைத்தால் சாரீரப்பதன் ஏறும். இதை எத்தனை தரம் பாடமாக்கியிருப்போம். 18க்குக் குறைத்த கைகளும் எங்கள் கைகள்தான். பாடத்தில் இருந்த காற்றும் அப்பப்பாவின் அறையில் இருந்த காற்றும் ஒரே காற்று என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

மீற்றரை அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்து, முறை வைத்து மணிக்கொரு தரம் எழுதினோம். இரவில் 19 பாகை, 74 வீதம். பங்கசுக்கு அதுவே காணும். கடதாசியை 60க்குக் கீழே வைத்தால்தான் பயமில்லை. ஆனால் விடிய ஆறரைக்கு எழுதிய வரியில் 88 என்று இருந்தது. முதல் நாள் எழுதினவர் நித்திரைத் தூக்கத்தில் பிழையாகப் பார்த்துவிட்டார் என்று நினைத்தோம். அடுத்த நாளும் 88.

மூன்றாம் நாள் விடிய ஐந்தரைக்கே எழும்பி அறைக்கு வெளியே காத்திருந்தோம். ஆறு மணிக்கு அப்பம்மா வந்தா. ஏசியை நிற்பாட்டினா. யன்னல் இரண்டையும் விரியத் திறந்தா. அலுமாரிக் கதவையும் திறந்துவிட்டா. பிறகு அப்பப்பாவின் படத்துக்குப் பூ வைத்தா.

"என்ன அப்பம்மா செய்யிறியள்?"

"பூட்டிக் கிடந்தா புத்தகம் அவிஞ்சு போகும். கொஞ்சம் காத்துப் படட்டும் எண்டு ஒவ்வொரு நாளும் திறந்து விடுறனான்."

நாங்கள் அலுமாரிக்குள் கையை விட்டுப் பார்த்தோம். மேல்தட்டுப் புத்தகங்களின் மட்டை வேர்த்திருந்தது. பிறிஜ்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்த சோடாப் போத்தல் மாதிரி. இரவு முழுக்க நாங்கள் 19 பாகையில் குளிரவைத்த புத்தகங்கள். வெளியே மாரிக் காற்று, 26 பாகை, 86 வீதம். அந்தக் காற்றின் பனிபடுநிலை 23 பாகைக்கும் மேலே. அது குளிர்ந்த மட்டையில் பட்டால் தண்ணீராகத்தான் வேணும். அப்பம்மா அன்போடு திறந்துவிட்ட காற்றும் நாங்கள் அன்போடு குறைத்த பாகையும் சேர்ந்து ஒவ்வொரு விடியலிலும் புத்தகத்துக்குத் தண்ணீர் தெளித்திருக்கின்றன. சித்தப்பாவின் ஏசியைக் குற்றம் சொல்லக் காத்திருந்த எங்களுக்கு அன்று காலை தேத்தண்ணி இறங்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் அழிவது என்றால் மனதில் வருவது நெருப்புத்தான். 1981இல் பொது நூலகம் எரிந்ததையும் 97,000 அளவில் நூல்கள் சாம்பலானதையும் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தக் கோபம் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் வீட்டு அலுமாரிக்குள், கதவு பூட்டினபடி, ஒருவரும் பகையாளி இல்லாமல், கவனம் எடுக்கிற ஆட்களின் கையாலேயே புத்தகம் அழியும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நெருப்புக்குத் திகதி இருக்கிறது. ஈரம் எந்த நாளில் தொடங்கியது என்று எங்களால் சொல்ல முடியாது.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினோம். அப்பம்மாவிடம் ஊதுபத்தி வாங்கிக் கொளுத்தி, அறையின் சுவர் வழியே பிடித்துக்கொண்டு போனோம். புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று வருகிறது. யன்னலுக்கு மேலே இருக்கிற காற்றோட்டத் துளைகளில் வளைந்தது. ஏசிக் குழாய் சுவரைத் துளைத்துப் போகிற இடத்தில் புகை நேரே உள்ளே அடித்தது. பூட்டினவர்கள் ஓட்டையைச் சுற்றிப் பூசவே இல்லை, வெளிமூடியை வைத்து மறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவு நாளும் மாரிக் காற்றையும் சேர்த்துத்தான் காயவைக்கப் பார்த்திருக்கிறோம். துளைகளை அடைத்தோம், ஓட்டையைப் பூசினோம். அலுமாரி மழையடிக்கிற மேற்குச் சுவரோடு ஒட்டி நின்றது. ஒரு சாண் முன்னுக்கு இழுத்து, காலுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினோம். பாகையை 26க்கு ஏற்றினோம்.

மீற்றர் 70க்கு வந்தது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நின்றது. அண்ணா அதற்கும் விளக்கம் சொன்னார். "மாரியில வெளியிலயே 26. ஏசிக்குக் குளிராக்க வேலையே இல்லை. வேலை இல்லாட்டி அது ஓடாது. ஓடாட்டித் தண்ணி எடுக்காது. உங்களுக்குத் தேவை குளிர் இல்லை. ஈரம் எடுக்கிற மெசின் எண்டு வேற இருக்கு."

இரவல் கொப்பி இதற்கெல்லாம் காத்திருக்காது என்று எங்களுக்கு விளங்கியது. 'மல்லிகை'யின் இதழ்களை நூலகம் தளத்தில் வாசிக்கலாம். நாவல்கள் வேறு யாரிடமாவது இருக்கும். அந்தக் கொப்பி மட்டும் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. உடனே காயவைக்க முடியாத, பங்கசு பிடித்த கடதாசியை உறையவைத்தால் பங்கசு அதற்கு மேலே வளராது என்று வாசித்தோம். கொப்பியைப் பைக்குள் போட்டு இறுக்கிப் பூட்டி, பிறிஜ்ஜின் ஐஸ் தட்டில் வைத்தோம். அப்பம்மா கண்டுவிட்டா.

"அந்த மனிசன் தொட்ட கொப்பியை மீனுக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறியளே, உங்களுக்கு விசரே?"

மீனை வெளியே எடுத்தோம். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் மரக்கறிதான்.

பிறகு அன்றிரவே சித்தப்பாவுக்கு எடுத்தோம். யார் சொல்வது என்று திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம். பங்கசையும், வாளியையும், நாலு நிமிசத்தையும், அப்பம்மாவின் யன்னலையும், நாங்கள் 18 ஆக்கியதையும் ஒளிக்காமல் சொன்னோம். ஏசி அளவுக்கு மிஞ்சிப் பெரிது என்பதைக் கடைசியாகச் சொன்னோம்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு சிரித்தார்.

"இஞ்ச பனிக்காலத்தில வீட்டுக்குள்ள காத்து காஞ்சு போய், மூக்கால ரத்தம் வரும். ஈரம் விடுற மெசின் ஒண்டு காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறன். அங்க ஈரம் எடுக்கிற மெசின் வேணும் எண்டுறியள். எனக்கு அங்கத்தை மாரியே மறந்து போச்சுப் பிள்ளையள்."

பிறகு கேட்டார், "சரி, எவ்வளவு பெரிசு வேணும்?"

"சின்னன் காணும் சித்தப்பா."

சின்னனாகவே வாங்கினோம். ஒரு சூட்கேஸ் அளவு. அது குளிராக்காது, அறை கொஞ்சம் சூடாகவும் செய்யும், ஆனால் தண்ணீர் எடுக்கும். முதல் கிழமை அதன் தொட்டியை நாளுக்கு இரண்டு தரம் ஊற்றினோம். பத்துக்குப் பத்தடி அறைக் காற்றில் இருக்கிற நீராவி முழுவதையும் எடுத்தாலே அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். மிச்சம் எங்கிருந்து வந்தது? புத்தகங்களுக்குள் இருந்துதான். கடதாசி பஞ்சு மாதிரி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஒரு அலுமாரி நிறையக் கடதாசியில் பல லீற்றர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். இரண்டாம் கிழமை நாளுக்கு ஒரு தரம், பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தரம் என்று குறைந்தது. பொங்கலுக்கு முதல் நாள் மீற்றர் 61 காட்டியது. நாலைக் கழித்தால் 57. வீட்டில் யாரோ சோதனை பாஸ் பண்ணின மாதிரி இருந்தது.

பங்கசு துடைக்கிற வேலையைத் தை மாசம் செய்தோம். ஈரத்தோடு துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கும், நன்றாகக் காய்ந்த பிறகுதான் துடைக்க வேணும். முகக்கவசம் போட்டு, விறாந்தையில், வெயில் நேரே படாமல், மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கம் தட்டினோம். எங்களில் தொய்வு இருக்கிற ஆளை அந்தப் பக்கம் விடவில்லை. அவர் உள்ளே இருந்து பட்டியல் எழுதினார்.

அப்பம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "அப்பப்பாவும் இப்பிடித்தான். சரஸ்வதி பூசைக்கு எல்லாத்தையும் இறக்கித் துடைச்சு, வேப்பிலை வைச்சு, மழை தொடங்க முன்னம் யூரியா பாக்கில போட்டுக் கட்டி வைச்சிடுவார். தை பிறந்தாத்தான் அவிப்பார்." எங்களுக்குத் தூரிகை கையில் நின்றது. காய்ந்தபடி கட்டி வைத்தது காய்ந்தபடி இருக்கும். 1995இல் சைக்கிளில் போன பைகள் பிழைத்ததும் அதனால்தான் போல. பூசை முடிந்து பைகள் கட்டின கொஞ்ச நாளில்தான் சனம் எழும்பியது. அப்பப்பாவின் முறை எல்லாம் சரியென்று சொல்ல மாட்டோம். கறையானிடம் அவரும் தோற்றவர்தான். ஆனால் அவர் இந்த ஊர் மாரிக்கு வழி வைத்திருந்தார். நாங்கள் அதைக் கேட்கவில்லை. அப்பம்மாவும் ஏசி வந்த பிறகு அது தேவையில்லை என்று நினைத்திருக்கிறா.

கொப்பியைக் கடைசியாக எடுத்தோம். பையோடு வைத்து அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு திறந்து, ஈரம் எடுக்கிற அறையில் பத்து நாள் நிமிர்த்தி வைத்தோம். தாள் தாளாக, வெண்ணெய்க் கத்தியின் மொட்டை முனையால் பிரித்தோம். ஒரு பின்னேரத்துக்கு மூன்று நாலு தாள்தான் ஆகும். பிரிந்த ஒவ்வொரு பக்கத்தையும் உடனே போனில் படம் எடுத்தோம். நடுவில் பதினாறு தாள்கள் பிரியவே இல்லை. 1980களின் நடுப்பகுதி அவற்றுக்குள் இருக்கிறது. அந்தப் பதினாறு தாள்களில் யார் என்ன வாசித்தார்கள் என்று இனி எங்களுக்குத் தெரிய வராது. அதை எங்கள் கணக்கில்தான் எழுத வேணும்.

நீங்கள் இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டு அலுமாரியை ஒருக்கால் திறந்து மணந்து பாருங்கோ. கையால் எழுதின ஏதாவது இருந்தால் அதை முதலில் படம் எடுங்கோ. ஏசி இருந்தால் குழாய்க்குக் கீழே ஒரு வாளி வையுங்கோ.

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எடுத்தார். கொப்பியில் தன்ர பெயர் இருக்கோ என்று கேட்டார். படங்களில் தேடினோம். 1994 ஆனி மாசத்தில் இருந்தது. அவர் வெளிக்கிட்ட மாசம். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. திருப்பிய திகதி வெறுமையாக இருந்தது.

"அது இஞ்ச இருக்கு" என்றார். "தாளெல்லாம் காஞ்சு பொரியுது. தொட்டா உடையும் போல கிடக்கு."

கொப்பியில் அந்த வரிக்கு நேரே ஏதாவது குறித்து வைப்பமோ என்று அப்பம்மாவைக் கேட்டோம். புத்தகம் பத்திரமாக இருக்கு, ஆளும் இருக்கிறார், கணக்கை முடித்துவிடலாம்தானே என்றோம்.

"ஒண்டும் எழுதாதையுங்கோ" என்றா அப்பம்மா. "கொண்டு வந்து தரட்டும். அப்ப எழுதலாம்."